காதல் கதைகளும் கிறிஸ்தவப் பெண்களின் எதிர்பார்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதைதானே, படித்துவிட்டுப் போகட்டும். இதை ஏன் இவ்வளவு பெரிதாக்க வேண்டும்?

கதை படிப்பதோடு எனக்குச் சண்டை கிடையாது, நானே நிறையப் படிக்கிறவள். ஆனால் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்து ஒரே மாதிரிக் கதையை நாவலாகவும் படமாகவும் தொடராகவும், இப்போது கைப்பேசியில் முப்பது விநாடித் துணுக்காகவும் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, காதல் எப்படித் தொடங்கும், நடுவில் என்ன ஆகும், எங்கே போய் முடியும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு விழுந்துவிடுகிறது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்த கணக்கில்லை அது. சபையில் திருமணத்தைப் பற்றி எப்போதாவது ஒரு பிரசங்கம் கேட்டிருப்பாள், அதுவும் பெரும்பாலும் கீழ்ப்படிதலைப் பற்றியதாக இருந்திருக்கும். மீதிப் பாடமெல்லாம் கதையிலிருந்து வந்ததுதான். நிஜமான ஒரு மனிதன் எதிரே வந்து உட்காரும்போது அந்தக் கணக்கோடு அவனைச் சேர்த்துப் பார்க்கிறாள், உதைக்கிறது.

சரி, அந்தக் கணக்கில் அப்படி என்னதான் இருக்கிறது?

பல விஷயங்கள் உண்டு. எனக்கென்று உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருக்கிறான் என்பது, தடை எவ்வளவு பெரிதோ காதல் அவ்வளவு உண்மை என்பது, கல்யாணத்தோடு கதை முடிந்துவிடும் என்பது. ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் சேதம் செய்வது "நான் சொல்லாமலே அவர் புரிந்துகொள்வார்" என்பதுதான் என்று நினைக்கிறேன்.

இது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இன்றைய காதல் நாவல்கள் நிறைய, ஒரு அத்தியாயம் அவள் பார்வையில், அடுத்த அத்தியாயம் அவன் பார்வையில் என்று மாறி மாறிப் போகும். முதல் அத்தியாயத்தில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான், அவள் அழுகிறாள். இரண்டாவதில் அவன் மனதுக்குள் நாம் போய்விடுகிறோம்: அவளைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை, அவள் சட்டைக்கையில் இருந்த மைக்கறையைக்கூட அவன் கவனித்திருக்கிறான், நெருங்கினால் அவளைக் காயப்படுத்திவிடுவோமோ என்று பயந்துதான் விலகிப் போகிறான். ஆக அவனுடைய மௌனத்துக்கு அர்த்தம் என்னவென்று வாசகிக்குத் தெரியும். இப்படி நூறு மௌனங்களின் உள்ளர்த்தத்தைப் படித்துப் பழகிய ஒருத்தி, வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்த்து என்ன நினைப்பாள்? அந்த இரண்டாவது அத்தியாயம் இவரிடமும் இருக்கும் என்றுதானே? பல சமயம் அவர் உண்மையிலேயே எதையும் யோசிக்காமல்தான் உட்கார்ந்திருப்பார், பாவம்.

இந்தக் காதல் கணக்கு எப்போது தொடங்கியது? மனுஷ இயல்புதானே இது?

ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புவது இயல்புதான். அது எந்த உருவத்தில் வர வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தென்பகுதியில் துருபதூர் என்ற பாடகர்கள், எட்ட முடியாத ஒரு சீமாட்டியை நினைத்து உருகுவதையே பெரிய காதலாகப் பாடினார்கள். அந்த மரபில் காதலுக்கும் கல்யாணத்துக்கும் ஆகவே ஆகாது. அந்தச் சீமாட்டி பெரும்பாலும் வேறொருவரின் மனைவியாக இருப்பாள். காதலையும் கல்யாணத்தையும் ஒரே பாதையில் சேர்த்து, அந்தப் பாதையைப் பெண்ணின் கண்ணால் காட்டியது பின்னால் வந்த ஆங்கில நாவல். சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமேலா' வெளிவந்தது 1740இல். 1908இல் லண்டனில் மில்ஸ் அண்ட் பூன், 1949இல் கனடாவில் ஹார்லெக்வின் என்று பதிப்பகங்கள் வந்த பிறகு இது மாதாமாதம் வெளியாகும் சரக்காகிவிட்டது. அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனை வைக்கிறது: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். முடிவு என்னவென்று முன்கூட்டியே தெரிந்து வாங்கும் சரக்கு. இந்த நிபந்தனையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்குத் தேவைப்படும்.

நான் கிறிஸ்தவக் காதல் நாவல்கள் மட்டும்தான் படிக்கிறேன். அதில் ஆபாசமே கிடையாது, ஜெபம் இருக்கிறது, வசனம் இருக்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

இங்கேதான் நான் பலரோடு முரண்படுகிறேன். முத்தத்தோடு நின்றுவிட்டால் கதை சுத்தம், சுத்தமாக இருந்தால் பாதுகாப்பு என்று நம் ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ, எதிர்பார்ப்பைப் பொறுத்தவரை கிறிஸ்தவக் காதல் கதைதான் அதிக ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டியது.

இந்த வகை தனியாகக் கிளம்பியது 1979இல் ஜேனட் ஓக் எழுதிய நாவலோடு என்று பொதுவாகச் சொல்வார்கள். புதுக் குடியேற்றப் பகுதியில் கணவனை இழந்த ஓர் இளம்பெண், தாயில்லாத சிறு மகளோடு தவிக்கும் ஒருவனை வேறு வழியில்லாமல் மணக்கிறாள், பிறகு மெல்ல மெல்ல அன்பு வருகிறது. அது நன்றாக விற்றது. 1997இல் ஹார்லெக்வினே 'லவ் இன்ஸ்பயர்ட்' என்று விசுவாச வாசகிகளுக்குத் தனி வரிசை தொடங்கிவிட்டது. அதாவது அதே சாலை, அதே வண்டி. உள்ளே ஜெபமும் ஏறிக்கொண்டது.

சாதாரண நாவலில் நாயகனையும் நாயகியையும் சேர்த்துவைப்பது எழுத்தாளர், அது வாசகிக்குத் தெரியும். கிறிஸ்தவ நாவலில் சேர்த்துவைப்பது தேவன். அவள் அழுது ஜெபிக்கிறாள், தன் விருப்பத்தை அவரிடம் ஒப்புக்கொடுக்கிறாள், ஒப்புக்கொடுத்து இருபது பக்கத்துக்குள் அவன் வாசலில் வந்து நிற்கிறான். அவன் வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் முடிவு நிறைவாக இருக்க வேண்டும் என்பது அந்த வகையின் நிபந்தனை. ஆனால் படிப்பவள் மனதில் பதிவது வேறு: ஒப்புக்கொடுத்தால் கொடுப்பார். "கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு, அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்" என்ற 37ஆம் சங்கீதத்தின் வசனம் அவளுக்குக் கல்யாண ஒப்பந்தமாகவே தெரிய ஆரம்பிக்கிறது. நிஜத்தில் முப்பத்தைந்து வயதாகியும் யாரும் வரவில்லை என்றால், மற்றவள் "எனக்கு அதிர்ஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். இவளோ "நான் சரியாக ஒப்புக்கொடுக்கவில்லையா? தேவன் வாக்குத் தவறிவிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆள் வராத ஏமாற்றம் தேவன்மேல் ஏமாற்றமாக மாறுவது இப்படித்தான்.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. துக்கத்தையும் மன்னிப்பையும் வறுமையையும் நேர்மையாக எழுதியவர்கள் இந்த வகையிலும் உண்டு.

ஓசியா, கோமேர் கதையை வைத்து எழுதிய நாவலைப் படித்துத்தான் எனக்குத் தேவனுடைய அன்பே புரிந்தது. அதையும் தப்பு என்பீர்களா?

பிரான்சின் ரிவர்ஸ் 1991இல் எழுதிய 'ரிடீமிங் லவ்' நாவலைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2022இல் படமாகவும் வந்தது. அதைப் படித்து உடைந்து அழுது ஆறுதல் அடைந்தவர்கள் பலர், அந்த அனுபவத்தைக் குறை சொல்ல நான் யார்?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓசியா புத்தகத்தில் தீர்க்கதரிசி தனக்குத் துரோகம் செய்த மனைவி கோமேரை மீட்பது பதினைந்து வெள்ளிக்காசுக்கும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமைக்கும். மீட்ட பிறகு அவள் மனதில் என்ன இருந்தது என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. அவர்கள் சந்தோஷமாக வாழ்ந்தார்களா என்றும் இல்லை. அது இஸ்ரவேலைப் பற்றிய அடையாளச் செயல். நாவலுக்கு அது போதாது, அவள் மனம் மாறி ஓடிவந்தே தீர வேண்டும். நாவலில் வரும் கணவன் அலுக்காமல், கோபத்தில் எல்லை மீறாமல், திரும்பத் திரும்பத் தேடிப் போகிறவன். அது தேவனுடைய பொறுமைக்கு உருவம். அந்தப் பொறுமையை ஒரு மனிதத் தோளில் ஏற்றிவிட்டு, "எனக்கும் இப்படி ஒருவர் வேண்டும்" என்று ஜெபித்தால், எந்த மனிதனாலும் தாங்க முடியாத பாரம் அது.

"உன் போவாசுக்காகக் காத்திரு" என்று வாலிபர் கூட்டத்தில் சொல்கிறார்களே?

ரூத் புத்தகம் நாலே அதிகாரம். ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள், அதில் ரூத் காத்திருக்கவே இல்லை.

இரண்டாம் அதிகாரத்தில் வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாததால் அவளே வயலுக்குக் கிளம்பிப் போகிறாள், அந்த வயலின் சொந்தக்காரர்தான் போவாஸ். மூன்றாம் அதிகாரம் இன்னும் துணிச்சல். மாமியார் நகோமி திட்டம் போட்டுக் கொடுக்கிறாள்: குளித்து, எண்ணெய் பூசி, நல்ல உடை உடுத்திக்கொண்டு களத்துக்குப் போ, அவர் சாப்பிட்டுப் படுக்கிற வரைக்கும் கண்ணில் படாதே. அவர் அம்பாரத்து ஓரமாகத் தூங்கியதும் ரூத் மெதுவாகப் போய்க் காலடியில் படுத்துக்கொள்கிறாள். நடுராத்திரியில் அவர் திடுக்கிட்டு விழித்து, "நீ யார்" என்கிறார். இருட்டில் ஒரு பரதேசி விதவை, "உம்முடைய அடியாள்மேல் உம்முடைய போர்வையை விரியும்" என்று தன் வாயால் கேட்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தவள் அவள்தான். போவாஸ் என்ன கட்டழகு வாலிபனா? அவளை "மகளே" என்று கூப்பிடுகிறார், வாலிபர்களைத் தேடிப் போகாமல் தன்னிடம் வந்ததற்காக அவளைப் பாராட்டவும் செய்கிறார். விடியுமுன் ஆறுபடி வாற்கோதுமையை அவள் போர்வையில் அளந்துபோட்டு, மாமியாரிடம் வெறுங்கையாகப் போகாதே என்று அனுப்புகிறார். அன்று காலையிலேயே ஊர் வாசலில் பத்து மூப்பர்களை உட்காரவைத்து, நெருங்கிய உறவினனிடம் நிலத்தையும் சுதந்தர உரிமையையும் பற்றிப் பேசி முடிக்கிறார். கழற்றிக் கொடுத்த பாதரட்சையோடு பத்திரம் முடிகிறது.

நேசத்தைக் குறிக்கும் சொல் அந்தப் புத்தகத்தில் ஒரே இடத்தில்தான் வருகிறது, நாலாம் அதிகாரம் பதினைந்தாம் வசனத்தில். அங்கே ரூத் நேசிப்பதாகச் சொல்லப்படுவது போவாசை இல்லை, மாமியாரை. இரண்டு விதவைகளின் பிழைப்பையும் விசுவாசத்தையும் பற்றிய கதையை எடுத்து, நல்ல வேலையில் இருக்கும் மாப்பிள்ளைக்கான காத்திருப்புப் பட்டியலாக மாற்றியது நாம்தான். அதை மாற்றக் கற்றுக்கொடுத்தது காதல் கதை.

அப்படியென்றால் வேதாகமத்தில் காதலே இல்லையா?

ஏன் இல்லை? ராகேலுக்காக யாக்கோபு உழைத்த ஏழு வருஷம் "கொஞ்சநாளாகத் தோன்றினது" என்று ஆதியாகமம் சொல்கிறது. அதைவிட அழகாக யார் எழுதிவிடப் போகிறார்கள்? ஆனால் அதே வீட்டில் யாக்கோபின் இன்னொரு மனைவி லேயாளும் இருக்கிறாள். ஒருத்தியின் காதல் கதை பக்கத்து அறையில் இன்னொருத்தியின் கண்ணீராக இருப்பதை அந்தப் புத்தகம் மறைக்கவில்லை. பிறகு மீகாள். பழைய ஏற்பாட்டுச் சரித்திரங்களில் ஒரு பெண் ஒரு ஆணை நேசித்தாள் என்று பேர் சொல்லி எழுதியிருப்பது அவளைப் பற்றி மட்டும்தான்: "சவுலின் குமாரத்தியாகிய மீகாள் தாவீதை நேசித்தாள்". ஜன்னல் வழியே இறக்கிவிட்டு அவன் உயிரைக் காப்பாற்றினாள். அந்தக் கல்யாணம் கசப்பில்தான் முடிந்தது.

உன்னதப்பாட்டைக் கேட்பீர்கள். எட்டு அதிகாரமும் ஆசைதான், கூச்சமே இல்லாத ஆசை. அதில் பெண்ணும் வாய்விட்டுப் பேசுகிறாள், சொல்லப்போனால் அவளுக்குத்தான் வரிகள் அதிகம். ராத்திரியில் எழுந்து தெருவில் தேடுகிறாள், காவலாளர் கையில் அடி வாங்குகிறாள். கடைசி வசனத்தில்கூட அவள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், சுபம் போட்டு முடிக்கவில்லை.

இவர்தான் தேவன் எனக்கென்று வைத்தவர் என்பதற்கு அடையாளம் கேட்கலாமா?

ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்டானே என்பார்கள். அவன் கேட்ட அடையாளம் என்ன? தனக்குத் தண்ணீர் கேட்டால் ஒட்டகங்களுக்கும் வார்க்கிற பெண். பத்து ஒட்டகங்கள். பயணம் செய்து வந்த பத்து ஒட்டகங்களுக்குத் துரவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுவது லேசான காரியமா? அவன் கேட்டது குணத்தைக் காட்டும் அடையாளம். நாம் கேட்பது அவர் நீலச் சட்டை போட்டு வந்தால் என்கிற ரகம். தற்செயலான சந்திப்பு, ஒரே வசனம் இரண்டு பேருக்கும் கிடைத்தது, கனவு, இவையெல்லாம் காதல் கதையின் திருப்பங்கள் போலவே இருப்பதால்தான் நமக்கு இவ்வளவு பிடிக்கிறது. இன்னொன்று, இத்தனை அடையாளத்துக்குப் பிறகும் அந்தப் பெண் ரெபெக்காளைக் கூப்பிட்டு, போகிறாயா என்று கேட்டார்கள். போகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் பயணம்.

அவர் இப்போது சரியில்லை. குடிக்கிறார், கோபம் வந்தால் கை ஓங்குகிறார். என் அன்பும் ஜெபமும் அவரை மாற்றும் என்று நம்புகிறேன்.

கல்யாணத்துக்கு முன் என்றால், மணக்காதீர்கள். கல்யாணத்துக்குப் பின் என்றால், முதலில் பாதுகாப்பான இடம், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது, தேவைப்பட்டால் சட்ட உதவி. ஜெபத்தைப் பாதுகாப்பான இடத்திலிருந்தும் செய்யலாம்.

முரட்டு நாயகன் ஒரு பெண்ணின் அன்பால் மென்மையாவது காதல் கதையின் மிகப் பழைய சூத்திரம். ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் காதல் நாவல் வாசகிகளிடம் உட்கார்ந்து பேசி 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். இந்த நாவல்கள் ஆணின் அலட்சியத்தையும் கொடுமையையும் பின்னோக்கிப் பார்க்கவைத்து, அது மறைந்திருந்த அன்புதான் என்று படிக்கப் பழக்குகின்றன என்று அதில் சொல்கிறார். கிறிஸ்தவ வடிவத்தில் இதோடு சாட்சியும் சேர்ந்துகொள்கிறது: இருபது வருஷம் பொறுத்தாள், கணவன் இரட்சிக்கப்பட்டான். பொறுத்துப் பொறுத்து உடைந்துபோனவளை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அபிகாயில் எவ்வளவோ புத்திசாலி, அவளோடு வாழ்ந்தும் அவளுடைய முரட்டுக் கணவன் நாபால் கடைசிவரை நாபாலாகவே இருந்தான். நீ உன் புருஷனை இரட்சிப்பாயா என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று பவுலே முதலாம் கொரிந்தியர் 7இல் கேட்கிறார். நான் படித்த எந்தக் காதல் நாவலிலும் அந்த வசனம் வந்ததில்லை.

நல்லவர், விசுவாசி, பேசினால் மரியாதையாகப் பேசுகிறார். ஆனால் எனக்குள் எந்தப் பரபரப்பும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அருவருப்போ பயமோ இருந்தால் யாருடைய வற்புறுத்தலுக்கும் தலையாட்டாதீர்கள். ஆனால் பரபரப்பு இல்லை என்பதை மட்டும் தேவன் தந்த 'இல்லை' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1525 ஜூன் 13 அன்று மார்ட்டின் லூத்தர் கத்தரீனா வான் போராவை மணந்தார். அவருக்கு 41, அவளுக்கு 26. அவள் மடத்திலிருந்து தப்பி வந்த கன்னியாஸ்திரீ. வேறொருவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தபோது மறுத்து, லூத்தர் அல்லது அவருடைய நண்பர் ஆம்ஸ்டார்ஃப் என்றால் சம்மதம் என்று அவளே சொல்லியனுப்பினாள். கல்யாணமாகி ஒரு வாரத்தில் அதே ஆம்ஸ்டார்ஃபுக்கு லூத்தர் எழுதுகிறார்: மோகமும் இல்லை, தகிப்பும் இல்லை, ஆனால் மனைவியை நேசிக்கிறேன் என்று. சில வருஷம் போன பிறகு, பிரான்சையும் வெனிஸையும் சேர்த்துக் கொடுத்தாலும் என் கேத்தியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. முதல் வாரத்தின் உணர்ச்சியை வைத்து ஒரு கல்யாணத்தை அளக்க முடியாது என்பதற்குச் சொல்கிறேன்.

காதல் மயக்கத்தைத் தனியாக ஆராய்ந்த உளவியலாளர் டாரதி டெனோவ் 1979இல் எழுதியபடி, அது சராசரியாக ஒன்றரை வருஷத்திலிருந்து மூன்று வருஷத்துக்குள் அடங்கிவிடும். அந்த மயக்கம் வராதவர்கள் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது. என் கணவர் நல்லவர்தான், ஆனால் கதையில் வருகிற மாதிரி ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. மனசு வெறிச்சென்று இருக்கிறது.

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கலாம், பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, கதை நமக்குப் பார்க்கக் கற்றுத்தராத அன்பு. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். அவர் எழுந்து, செருப்பைக் காலால் தேடி, மருந்து மூடியை விளக்குக்கு நேராகத் தூக்கிப்பிடித்து ஐந்து மில்லி கோட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். கொடுத்துவிட்டு, நீ தூங்கு என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். அந்த "நீ தூங்கு" என்பதில் என்ன இருக்கிறது என்பதைக் காதல் கதையின் காதால் கேட்க முடியாது. "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று பவுல் எழுதியதைக் கல்யாண அட்டையில் அச்சடித்துவிடுகிறோம், ஆனால் அவர் அதை எழுதியது காதலர்களுக்கு இல்லை, யார் பெரியவர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு. நீடிய சாந்தம் பார்வைக்குச் சலிப்பூட்டுவதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, உண்மையான பசி. உட்கார்ந்து பேச வேண்டும், நான் சொல்வதை நிமிர்ந்து பார்த்துக் கேட்க வேண்டும் என்பது நாவலிலிருந்து வந்த ஆசை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளம்மா" என்ற ஆலோசனை சபையில் சுலபமாகக் கிடைக்கும். சோம்பேறித்தனமான கணவனுக்கு அது ரொம்ப வசதி. ராட்வேயிடம் அந்த வாசகிகள் சொன்னதும் இதைத்தான்: நாள் முழுக்க எல்லாரையும் நாங்கள் கவனிக்கிறோம், படிக்கிற நேரம் மட்டும்தான் எங்களுக்கென்று இருக்கிறது. கதை அந்தப் பசிக்குத் தற்காலிகத் தீனி, பசியை உண்டாக்கியது கதை இல்லை. ஆகவே கேளுங்கள். சொல்லாமலே புரிய வேண்டும் என்று காத்திருக்காமல், இந்த வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் போனை வைத்துவிட்டு என்னோடு பேசுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டு வாங்கினால் அது அன்பே இல்லை என்ற எண்ணம் இருக்கிறதே, அதுதான் அசல் நாவல் சரக்கு.

காதல் நாவலும் ஆபாசப் படமும் ஒன்றுதான், இது பெண்களுக்கானது, அவ்வளவுதான் என்கிறார் எங்கள் போதகர்.

வெளிப்படையான வர்ணனைகள் நிறைந்த புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி உங்கள் மனசாட்சிக்கே தெரியும். மற்றபடி இந்த ஒப்பீடு சோம்பேறித்தனமானது. பெண்ணைக் கூனிக்குறுகவைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. அவள் எதைத் தேடிப் படிக்கிறாள் என்று கேட்டிருந்தால் அவருக்கு நல்ல பிரசங்கம் ஒன்று கிடைத்திருக்கும்.

"இயேசுவே என் நாயகர், எனக்கு வேறு யாரும் வேண்டாம்" என்று இருந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

கிளேர்வோ பெர்னார்ட் 12ஆம் நூற்றாண்டில் உன்னதப்பாட்டின்மேல் 86 பிரசங்கங்கள் எழுதினார், அத்தனையும் ஆத்துமாவுக்கும் மணவாளனுக்கும் நடுவே உள்ள அன்பைப் பற்றி. அது மதிப்புள்ள பழைய வழி. ஆனால் அவர் எழுதியது ஆண்கள் மடத்தில், ஆண் துறவிகளுக்கு! எபேசியர் 5இல் மணவாட்டி என்பது சபை முழுவதும், தாடி வைத்த மூப்பர்களையும் சேர்த்து. தனியாக இருக்கும் பெண்ணுக்கு மட்டும் மாப்பிள்ளைக்குப் பதிலாக இயேசுவைக் காட்டுவது அவளுக்கும் மரியாதை இல்லை, அவருக்கும் மரியாதை இல்லை. காதல் நாயகனின் வசனங்களை இயேசுவின் வாயில் வைத்து எழுதும் தியானப் புத்தகங்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும்.

கல்யாணமே ஆகாமல் போனால்?

காதல் கதையில் அது தோல்வி, அல்லது நாயகியின் வேடிக்கையான அத்தை. முதலாம் கொரிந்தியர் 7இல் அது வரம். வேதனையே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாழ்க்கை இன்னும் தொடங்கவில்லை என்று காத்திருக்கத் தேவையில்லை. வீடு வாங்குங்கள், படியுங்கள், ஊழியம் செய்யுங்கள், ஊர் சுற்றுங்கள்.

இதற்கெல்லாம் மருந்தாகத்தானே சபைகள் காதலிக்கவே கூடாது என்று கட்டுப்பாடு வைத்தன?

வைத்தார்கள். ஜோஷுவா ஹாரிஸ் என்ற இளைஞர் 'ஐ கிஸ்ட் டேட்டிங் குட்பை' என்று 1997இல் ஒரு புத்தகம் வெளியிட்டார், பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2018இல் அதில் சொன்ன பலவற்றைத் தானே ஏற்கவில்லை என்று சொல்லி, இனி அச்சிட வேண்டாம் என்று நிறுத்தினார். அந்தப் போதனையும் உள்ளுக்குள் காதல் கதைதான் என்பது என் எண்ணம்: தூய்மையாகக் காத்திரு, பரிசாக அற்புதமான கல்யாணம் வரும். சூத்திரம் மாறவில்லை, சந்திக்கும் காட்சியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

பதினைந்து வயது மகள் ராத்திரி முழுக்கப் படிக்கிறாள். புத்தகத்தைப் பிடுங்கிவிடவா?

பிடுங்கினால் போர்வைக்குள் படிப்பாள். நீங்களும் அதையே வாங்கிப் படியுங்கள், அப்புறம் பேசுங்கள். அவன் மழையில் வந்து நின்றது உனக்கு ஏன் பிடித்தது, அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவன் பின்னாலேயே வந்தானே, அது உன் பள்ளியில் நடந்தால் எப்படி இருக்கும் என்று. விசாரணை மாதிரி இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். சில கேள்விகளுக்கு அவள் சொல்லும் பதில் உங்களுடையதைவிடத் தெளிவாக இருக்கும்.

சபையில் இதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

ரூத்தை நாலு அதிகாரமும் சத்தமாக வாசிப்பதில் ஆரம்பிக்கலாம், ஒருவருமே அதை முழுதாக வாசித்திருக்க மாட்டார்கள். பிறகு முப்பது வருஷம் குடும்பம் நடத்திய ஒரு தம்பதியைக் கூப்பிடுங்கள். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்காதீர்கள், அதை எல்லாரும் மெருகேற்றி வைத்திருப்பார்கள். ஒன்பதாவது வருஷம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அதே வரிசையில் மணமாகாத அக்கா ஒருவருக்கும், கணவனை விட்டுப் பிரிய வேண்டி வந்த ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள். அவர்கள் பேசி முடித்ததும் உடனே யாரும் ஜெபத்தில் முடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்க அப்போதுதான் கைகள் உயரும்.